கண்டோர் கூற்று

2024 ஆகஸ்ட் மாதக் கடைசியில் ‘கொட்டுக்காளி’ பார்க்க ஒன்பது பேர் போனோம். முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஆறு பேர், துறையில் என்னோடு பணிபுரியும் தோழி ஒருவர், நான், பிறகு எங்கள் விடுதியில் சமைக்கும் அக்கா. அக்காவை யாரும் திட்டமிட்டு அழைக்கவில்லை. சுவரொட்டியில் சூரியைப் பார்த்துவிட்டு, “சிரிப்புப் படம்னா நானும் வாறேன்” என்று பிள்ளைகளோடு கிளம்பி வந்துவிட்டார்.

மதியக் காட்சி. அரங்கில் பாதிக்கு மேல் காலி. எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான்கு இளைஞர்கள் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். “டேய், எப்படா கதை ஆரம்பிக்கும்?” என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் கொட்டாவியைப் பாட்டாகவே பாடினான். இடைவேளைக்குப் பிறகு அவர்கள் இல்லை.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியது. அவருடைய முதல் படமான ‘கூழாங்கல்’ ரோட்டர்டாமில் புலி விருது வாங்கியது. இந்தப் படமும் பெர்லின் விழாவுக்குப் போய்விட்டுத்தான் நம் ஊருக்கு வந்தது. மீனா என்ற பெண்ணுக்கும் அவளுடைய முறைமாமன் பாண்டிக்கும் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அவள் மனசு வேறிடத்தில், வேறு சாதியில். அவளுக்கு யாரோ மருந்து வைத்துவிட்டார்கள், பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஓர் ஆட்டோவிலும் சில பைக்குகளிலுமாகச் சாமியாடியிடம் அழைத்துப்போகிறது. கூடவே காலைக் கட்டிய சேவல் ஒன்றும் பயணம் செய்கிறது. பின்னணி இசை கிடையாது. அன்னா பென் நடித்த மீனா ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. சூரி சிரிக்க வைப்பதில்லை. தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கட்டிப்போன குரலில் உறுமுகிறார்.

படம் விட்டதும் பேருந்து நிலையத்தில் டீக்கடை ஓரமாக நின்றோம். எங்கள் ஊர் வண்டி வர முக்கால் மணி நேரம் இருந்தது. இந்தக் கட்டுரை அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றியது.

முதலில் ஒருத்தி ஆரம்பித்தாள். “அம்மா, எனக்குக் கோவமா வருது. அவ்ளோ தூரம் போறாங்கள்ல, அவ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?” இன்னொருத்தி ஆமோதித்தாள். பெண்ணைப் பேசவிடாமல் செய்ததே இயக்குநரின் ஆண்பார்வைதான் என்றாள் மூன்றாமவள். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த சொல் திரும்பி வந்ததில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. அக்கா டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்:

“பேசுனா? பேசுனா அந்த ஆட்டோ கோயிலுக்கா போயிருக்கும், டீச்சர்?”

யாரும் பதில் சொல்லவில்லை. ஆட்டோ வேறு எங்கே போயிருக்கும் என்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தண்டவாளம், கண்மாய், கரும்புத் தோட்டம் என்று செய்தித்தாள்களில் படித்த இடங்கள் ஒவ்வொருவர் மனசிலும் வந்துபோயிருக்கும். அக்கா மேலும் எதுவும் பேசாமல் டம்ளரைக் கழுவும் வாளியில் போட்டார்.

பிறகு பேச்சு திசைமாறியது. வழியில் ஒரு பெரிய காளை பாதையை மறித்து நிற்க, மீசைக்கார ஆண்கள் எல்லாரும் திகைத்து நிற்கும்போது ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிப்போகும் இடத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒலிபெருக்கியில் எங்கோ ஒலிக்கும் பாட்டுக்கு மீனா உதட்டை அசைத்ததற்காகப் பாண்டி அவளையும் தடுக்க வந்த பெண்களையும் போட்டு அடிக்கும் இடத்தைப் பற்றிப் பேசும்போது குரல்கள் தணிந்தன. “எங்க அப்பாவும் பாட்டுக்குத்தான் அடிப்பாரு” என்றாள் ஒருத்தி, ஏதோ வானிலை சொல்வதுபோல. அதற்குள் வண்டி வந்துவிட்டது.

தமிழில் ‘ரசிகர்’ என்றதும் கண்முன் வருவது ஓர் ஆண். கட்-அவுட்டில் ஏறிப் பால் ஊற்றுகிறவன், விடியற்காலைக் காட்சிக்கு வரிசையில் நிற்கிறவன், வெளியே வந்ததும் மைக்கின்முன் “ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே, செகண்ட் ஆஃப் லேக்” என்று தீர்ப்புச் சொல்கிறவன். ஆய்வுகளும் பெரும்பாலும் அவனைத்தான் பின்தொடர்ந்தன. மதுரையில் தங்கி ஆய்வுசெய்த சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட நூல் நகர்ப்புற ஏழைகளின் சினிமா அனுபவத்தை அக்கறையோடு பேசுகிறது. அங்கேயும் ரசிகர் மன்றம் என்றால் இளைஞர்கள்தாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மன்றம் நடந்தது தெருமுனையிலும் டீக்கடை பெஞ்சிலும். அங்கே பெண்கள் உட்கார்ந்திருந்தால்தானே எழுதுவதற்கு?

சினிமாத் தொழிலில் பெண் பார்வையாளருக்கு இருந்த பெயர் தாய்க்குலம். “தாய்க்குலத்தின் பேராதரவுடன்” என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். இப்போது அதையே ‘ஃபேமிலி ஆடியன்ஸ்’ என்கிறார்கள். இரண்டு சொல்லிலும் பெண்ணிடமிருந்து எதிர்பார்ப்பது ஆதரவை மட்டுமே. அவளுக்கு ஒரு கருத்து இருக்கும் என்ற நினைப்பு இரண்டிலும் இல்லை. அரங்கின் வாசலில் மைக்கை நீட்டினால் நாமும் அதற்கேற்ப, “நல்லா இருக்கு, குடும்பத்தோட பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானே சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு நிற்கிறார், பிள்ளை சிறுநீர் கழிக்க வேண்டும் என்கிறது, அங்கே நின்று என்ன விமர்சனம் செய்வது? உண்மையான விமர்சனம் மறுநாள் கீரை ஆயும்போது வரும். அல்லது பேருந்தில். அல்லது 30 ஆண்டு கழித்து.

எனக்குத் தெரிந்த முதல் திரைவிமர்சனம் ஒரு கிணற்றடியில் நடந்தது. 1986இல் வந்த ‘மௌன ராகம்’ படத்தைச் சில ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில் பார்த்தோம். தெருவில் இரண்டு வீட்டில்தான் டிவி. தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்த கூட்டத்தில் நானும் ஒரு பள்ளிப்பிள்ளை. புதுப்பெண்டாட்டிக்கு என்ன பரிசு வேண்டும் என்று மோகன் கேட்க, ரேவதி விவாகரத்து வேண்டும் என்பார். இந்த இடத்தில் அந்தக் கூடத்தில் யாரோ ‘ச்சீ’ என்றது இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி விசாரணை நடந்தது. பெரியம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: “திமிரெடுத்தவ. நல்ல புருசன், டெல்லியில வீடு, இன்னும் என்ன வேணுமாம்?” எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது எங்கள் சின்ன அத்தை புருஷன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்து எங்களோடு இருந்தார். சேலையைப் பிழிந்துகொண்டே அவர் கேட்டார்: “அந்த வக்கீலு, ஒரு வருசம் கழிச்சுத்தான் குடுப்பாங்கன்னு சொன்னானே, அது நெசமாவா, இல்ல படத்துக்காகச் சொல்றானா?”

யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தவர்கள் சொல்லவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவைப் பற்றி நான் படித்தது எத்தனையோ ஆண்டுகள் கழித்து. கல்யாணமாகி ஓராண்டுக்குள் பொதுவாக மணவிலக்கு மனு போட முடியாது என்பது உண்மைதான். அத்தைக்குக் கல்யாணமாகி அப்போது நாலு வருஷம். அவருக்கு அந்தத் தடை இருந்திருக்காது. அதைச் சொல்ல அந்தக் கிணற்றடியில் ஆள் இல்லை. அடுத்த மாதம் பாட்டி அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அண்மையில் அத்தையிடம் அந்தப் படம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரேவதி நல்லா நடிச்சிருக்கும்” என்றார்.

பெண்கள் படத்தைப் பற்றிப் பேசுவதெல்லாம் தம்மைப் பற்றித்தான் என்று சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் அவமதிப்புதான். ஒளிப்பதிவைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் நாயகனின் சட்டையைப் பற்றியும் நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் அந்தப் பேச்சின் நடுவே, அதே குரலில், அதே வேகத்தில், வேறொன்றும் வந்துவிட்டுப் போகிறது. ‘நான்’ என்று தொடங்கினால் வீடே திரும்பிப் பார்க்கும். ‘அந்தப் படத்துல அவ’ என்று தொடங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

‘பெக்டெல் சோதனை’யை மாணவிகளுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் தமக்குள் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. இப்போது உலகமெங்கும் இதை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். அது பிறந்த இடத்தை நான் கவனிக்கத் தவறியிருக்கிறேன். 1985இல் அலிசன் பெக்டெல் வரைந்த ஒரு படக்கதையில் இரண்டு பெண்கள் தெருவில் நடந்துகொண்டே என்ன படத்துக்குப் போகலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். தன்னுடைய விதிகளை ஒருத்தி சொல்கிறாள். அந்த விதிகளின்படி தன்னால் கடைசியாகப் பார்க்க முடிந்தது ‘ஏலியன்’தான் என்கிறாள். அதில் இரண்டு பெண்கள் அரக்கப் பிராணியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் இருவரும் படத்துக்குப் போகவில்லை. இந்த யோசனையே லிஸ் வாலஸ் என்ற தோழியுடையது என்று பெக்டெல் சொல்லியிருக்கிறார். ஆக, கோட்பாடாகிவிட்ட ஒன்று இரண்டு தோழிகளின் வழிநடைப் பேச்சாகத்தான் தொடங்கியது. இதை நான் வகுப்பில் பலகையில் மூன்று வரியாக எழுதிப்போட்டு, தோழியை அழித்துவிட்டு, விதியை மட்டும் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

தோழி என்ற சொல்லை எழுதியதும் என் சொந்த ஊருக்கு வந்துவிட்டேன். என் முனைவர் பட்டமே அகப்பாட்டில்தான். ‘கொட்டுக்காளி’ பார்த்துக்கொண்டிருந்தபோது அரைமணி நேரத்திலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது, இது வெறியாட்டு. அகப்பாட்டில் தலைவிக்கு வளை கழல்கிறது, உடம்பு மெலிகிறது, சோறு இறங்கவில்லை. காரணம் களவுக்காதல். தாய்க்கு அது தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாள். முருகு அணங்கியது என்று சொல்லி வேலனை அழைக்கிறார்கள். களம் அமைத்து, கழங்கு பார்த்து, ஆட்டுக்குட்டியை அறுக்கிறார்கள். ஆட்டுக்குட்டியின் இடத்தில் இங்கே சேவல். வெறியாட்டைப் பாடியதாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர்பெற்ற பெண்கவி ஒருத்தி நமக்கு இருக்கிறாள். அவளுடைய அகநானூற்றுப் பாட்டில் வரும் தலைவிக்குத் தன் நோய் எதனால் தீர்ந்தது என்பது தெரியும். வேலன் பெருமைப்பட்டுக்கொள்வதை நினைத்து உள்ளுக்குள் சிரிக்கிறாள்.

மீனாவால் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று யோசித்தால், அவள் பக்கத்தில் தோழி இல்லை. ஆட்டோ நிறையப் பெண்கள் இருக்கிறார்கள், எல்லாரும் உறவு. அகப்பாட்டில் வெறியாட்டைத் தடுத்து நிறுத்துகிறவள் தோழி. அறத்தொடு நிற்றல் என்று தொல்காப்பிய மரபு இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்குச் சொல்வாள், செவிலி நற்றாய்க்குச் சொல்வாள், நற்றாய் வழியாக அது தந்தைக்கும் தமையன்மாருக்கும் போகும். எப்படிச் சொல்கிறாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நேராகச் சொல்லவே மாட்டாள். குறுந்தொகையில் ஔவையார் பாடிய ஒன்று இருக்கிறது. குறிசொல்லும் முதியவளை அழைத்துவந்திருக்கிறார்கள். தாய்மார் சுற்றி நிற்கிறார்கள். அவள் பல மலைகளைப் பாடுகிறாள். குறிப்பிட்ட ஒரு மலையைப் பாடியதும் தோழி, அந்தப் பாட்டை இன்னொரு தரம் பாடு என்கிறாள். அவ்வளவுதான். யாருடைய மலை, எதற்காக இன்னொரு தரம், எதையும் சொல்லவில்லை. கேட்கும் காது இருந்தால் செவிலிக்குப் புரியும். புரியாவிட்டாலும் யாரும் யாரையும் பிடித்துக்கொடுத்ததாகாது.

என் சின்ன அத்தை கிணற்றடியில் கேட்டது அதுதான். அந்த வக்கீல் சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டார். செவிலிகளுக்குக் காது இல்லை.

தொல்காப்பியம் இன்னொரு கூட்டத்துக்கும் பேசும் உரிமை கொடுத்திருக்கிறது. அவர்கள் கண்டோர். பாலைவழியில் ஓடிப்போகும் இருவரை எதிரே பார்த்தவர்கள். சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. பொழுது சாய்கிறது, வழி பொல்லாதது, இங்கே தங்கிவிட்டுப் போங்கள் என்பார்கள். மகளைத் தேடிவரும் செவிலியைத் தேற்றி அனுப்புவார்கள். படம் பார்த்துவிட்டு நிற்கும் நாங்கள் ஒன்பது பேரும் அந்த மாலையில் கண்டோர். மீனா கடந்துபோவதைப் பார்த்தோம். பார்த்தவர்கள் பேசினோம். எங்களில் ஒருவர் அந்த ஆட்டோ வேறு எங்கே போயிருக்கும் என்று சரியாகச் சொன்னார்.

இதைப் படித்துவிட்டுப் பெண்களின் பேச்சு என்றாலே விடுதலை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அகமரபே அம்பலும் அலரும் என்று இன்னொரு பேச்சையும் பேசுகிறது. முணுமுணுத்துத் தொடங்கி ஊரெல்லாம் பரவும் அந்தப் பேச்சில் பெண்கள் குரல்தான் அதிகம். அன்று எங்கள் வரிசையின் கோடியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, மீனாவை அடிக்கும் காட்சியில், “பின்ன, ஆம்பளப்புள்ள மனசக் கெடுத்தா?” என்று சத்தமாகவே சொன்னார். ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளப் படம் 2021 ஜனவரியில் வந்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் அதைப் போல் பேசப்பட்ட படம் வேறில்லை. “ரொம்ப மிகை. எந்த வீட்டுல இப்படி நடக்குது?” என்று அதைக் கடுமையாகத் தாக்கியவர் ஒரு பேராசிரியை. அந்தப் படத்தில் கழுவுதொட்டியின் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும், சொல்லிச் சொல்லியும் கணவன் ஆள் கூப்பிடமாட்டான். கடைசியில் அந்த அழுக்குத் தண்ணீரைத்தான் அவள் ஆண்கள் முகத்தில் ஊற்றுவாள். அதே பேராசிரியை அடுத்த வாரம் அறையில் எல்லாரிடமும் ஒரு நல்ல பிளம்பர் எண் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கருத்து மாறவில்லை. படம் மிகைதான் என்று இன்றைக்கும் சொல்கிறார். குழாய் சரியாகிவிட்டது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

படம் பார்த்த வாரமே ஒரு சிற்றிதழுக்கு ‘கொட்டுக்காளி’ பற்றிக் கட்டுரை எழுதினேன். மீனாவின் மௌனத்தை எதிர்ப்பு என்றும், உயிர்பிழைத்திருப்பதற்கான உத்தி என்றும் வாசித்திருந்தேன். ‘பேச்சின் விலை தெரிந்தவளின் மௌனம்’ என்று ஒரு தொடர். அதைப் பலர் பாராட்டினார்கள். ஒரு கருத்தரங்கில் அந்தத் தொடரையே தலைப்பாக வைத்துப் பேசவும் அழைத்தார்கள். அது டீக்கடையில் அக்கா கேட்ட கேள்வி. நான் அதைக் கழுவி, கோட்பாட்டுச் சட்டை போட்டு, என் பெயரில் அச்சேற்றினேன். கட்டுரையில் அல்தூசர் வருகிறார், லாரா மல்வி வருகிறார், அக்கா வரவில்லை. அவரிடம் இதழைக் காட்டி மன்னிப்புக் கேட்டபோது, “என் பேரு எதுக்கு டீச்சர் பொஸ்தகத்துல? வீட்டுல பாத்தா படத்துக்குப் போனது தெரிஞ்சுபோகும்” என்று சிரித்தார். அதனால் இங்கேயும் பெயர் இல்லை.

இரண்டாவது இதைவிடப் பெரியது. அந்த ஆறு மாணவிகளில் ஒருத்தி அன்று டீக்கடையில் எதுவுமே பேசவில்லை. (அவளைப் பற்றிய இந்தப் பகுதியை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ஓர் இடத்தை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.) இரண்டு வாரம் கழித்துத் துறை வராந்தாவில் என்னை நிறுத்தினாள்.

“அம்மா, அந்தப் படத்துல கடைசில பாண்டி திரும்பிடுவானா?”

படத்தின் முடிவு அப்படித்தான் இருக்கிறது. மீனாவுக்கு முன்னால் இன்னொரு பெண்ணுக்குச் சாமியாடி பேயோட்டுகிறான். அவன் கை அவள் உடம்பில் படும் விதத்தைப் பாண்டி நின்று பார்க்கிறான். அவன் முகத்தில் ஏதோ ஓடுகிறது. அடுத்து என்ன என்று காட்டாமலே படம் முடிந்துவிடுகிறது.

நான் சொன்னேன்: “அது திறந்த முடிவும்மா. இயக்குநர் அதைப் பார்க்கிறவங்ககிட்ட விட்டுட்டாரு.”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க? திரும்பிடுவானா?”

“என் கட்டுரை வந்திருக்கு பாரு. நூலகத்துல போட்டிருக்கேன். படி.”

சரிங்கம்மா என்று தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. மாமாவுக்கே கட்டிவைத்துவிட்டார்கள் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். அவள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஆண்குரல் எடுத்தது. அவளுடைய ஆசிரியை என்றேன். “நல்லா இருக்காங்க மேடம், வேலையா இருக்காங்க” என்று மரியாதையாகத்தான் பேசினார். வைத்துவிட்டேன்.

வெறியாட்டைப் பற்றி ஆய்வேடு எழுதியவள் நான். தோழி கூற்றை 20 ஆண்டாக வரிவரியாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறவள். ஒரு பெண் என் முன்னால் வந்து நின்று அந்த மலையைப் பற்றி இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டபோது, நூலகத்துக்குப் போய்ப் படி என்று அனுப்பியிருக்கிறேன். அவள் கேட்டது படத்தின் முடிவைப் பற்றி என்றே நம்பினேன். ஒரு திரைவிமர்சகராக எனக்கு அது நல்ல கேள்வியாகக்கூடப் பட்டது. அன்றைக்கு அவளிடம், “ஏன் கேக்குற?” என்று இரண்டு சொல் கேட்டிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அவளுடைய அப்பாவுக்கும் மாமாவுக்கும் முன்னால் என் இரண்டு சொல் எந்த மட்டுக்கு? ஆனால் கேட்டிருக்கலாம்.

இப்போது வகுப்பில் வாரத்துக்கு ஒருமுறை, என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்கிறேன். முதலில் எல்லாரும் எனக்குப் பிடித்த பதிலாகச் சொன்னார்கள்: ஆண்மையம், பெண்ணுடல், பிம்பம். அந்தச் சொற்களை நான்தான் கொடுத்தேன், அவை தேவை, அவற்றுக்காக என் தலைமுறை நிறையத் திட்டு வாங்கியிருக்கிறது. ஆனால் சரியான சொல்லைச் சொல்லிவிட்டால் டீச்சர் விட்டுவிடுவார் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டிருந்தார்கள். திருத்துவதை நிறுத்த எனக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது. ‘96’ படத்தில் ஜானு அந்த இரவு ராமோடு போயிருக்கவே கூடாது என்று ஒருத்தி அடித்துச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருப்பது எளிதாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, “ஆனா அவ சிங்கப்பூர்ல என்ன பண்ணுவா பாவம், யார்கிட்ட பேசுவா?” என்றாள். அவளுடைய அம்மா வீட்டுவேலைக்காக சிங்கப்பூரில் இருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

போன ஆண்டு ஒருநாள் இரவு, தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது.

“அம்மா, ஜே பேபி பாத்தேன். நீங்க பாத்தீங்களா?”

பெயர் போடவில்லை. புள்ளிவைத்த எழுத்தில் தவறு செய்யாமல் தட்டச்சு செய்கிற பிள்ளைகள் என் வகுப்பில் குறைவு, அதனால் யாரென்று தெரிந்துவிட்டது. ‘ஜே பேபி’ 2024இல் வந்தது. சுரேஷ் மாரி இயக்கம். சென்னையிலிருந்து காணாமல்போன ஒரு வயதான தாய், கல்கத்தாவில் இருப்பதாகத் தகவல் வந்து, சண்டைபோட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மகன்கள் அவரைக் கூட்டிவரப் போகிறார்கள். ஊர்வசிதான் தாய்.

பார்த்தேன் என்று எழுதினேன். பதில் உடனே வந்தது.

“அந்த அம்மா எப்படிம்மா அவ்ளோ தூரம் தனியா போனாங்க? பயமா இருந்திருக்காதா?”

கைபேசியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது யாருடைய எண், அந்தக் கைபேசியை வேறு யார் பார்ப்பார்கள், எதுவும் தெரியாது. எங்கே இருக்கிறாய், என்ன நடந்தது, காவல் நிலையத்துக்குச் சொல்லட்டுமா என்று எழுத விரல் துடித்தது. எழுதவில்லை. குறிஞ்சிப்பாட்டுக்காரியாக இல்லாவிட்டாலும் அவள் மொழியிலேயே எழுதிப்பார்ப்போம் என்று நினைத்தேன்.

“பயமாத்தான் இருந்திருக்கும். ஆனா போய்ச் சேர்ந்துட்டாங்கள்ல? கல்கத்தாவிலேயே நம்ம ஆள் ஒருத்தர் உதவி செஞ்சாரே. படத்த நம்ம ஹாஸ்டல் அக்காவும் பாத்தாங்க, அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. அக்கா இப்பவும் ஹாஸ்டல்லதான் இருக்காங்க. ராத்திரிகூட முழிச்சுத்தான் இருப்பாங்க.”

நீலக்கோடு இரண்டும் விழுந்தன. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு வந்தது:

“ஊர்வசி நடிப்பு சூப்பர்ல?”

சூப்பர் என்று எழுதிவிட்டு, எழுந்துபோய் அக்காவின் அறைக்கதவைத் தட்டினேன்.